வீட்டுக் காற்றுக்கு ஒரு வடிகட்டி: எண்ணைப் பார்ப்பதற்கு முன் பரப்பைப் பாருங்கள்

2018 நவம்பர் 8 அன்று காலையில் வடக்குக் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்னும் சிற்றூரைச் சூழ்ந்து 85 உயிர்களைக் கொண்டுபோன காட்டுத்தீ, நாங்கள் வசிக்கும் ஃபோல்சம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் எரிந்தது. தீயின் வெம்மை எங்களை எட்டவில்லை, புகை எட்டியது. மறுநாளிலிருந்து சூரியன் செம்புத் தட்டைப் போல மங்கித் தெரிந்தது. 16ஆம் தேதி சாக்ரமென்டோ பகுதியின் பள்ளிகளை மூடிவிட்டார்கள். 21ஆம் தேதி மழை பெய்யும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரங்கள், கதவையும் சன்னலையும் இறுக அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தோம்.

அப்போது ஊரிலிருந்து அம்மா எங்களுடன் தங்க வந்திருந்தார். அவருக்கு இளைப்பு உண்டு. மூன்றாம் நாள் இரவு அவருடைய மூச்சில் அந்த மெல்லிய விசில் ஒலி கேட்கத் தொடங்கியதும், அதுவரை நான் ஏறெடுத்தும் பாராத ஒரு பொருளைப் பற்றி முதன்முறையாக யோசித்தேன். அமெரிக்க வீடுகள் பெரும்பாலானவற்றில் வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம்தான் வெப்பத்தையும் குளிர்ச்சியையும் தருகிறது. கூடத்தில் உள்ள ஒரு பெரிய துளைத்தட்டி வழியாக வீட்டுக் காற்றை உள்ளிழுத்து, சூடாக்கியோ குளிரச் செய்தோ, குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் அது திருப்பி அனுப்புகிறது. அந்தத் துளைத்தட்டிக்குப் பின்னால் அட்டைச் சட்டமிட்ட ஒரு வடிகட்டி இருக்கும். எல்லோரும் ஃபில்டர் என்றே சொல்வார்கள். வீட்டில் அனைவரும் சுவாசிக்கும் காற்று நாளுக்குப் பலமுறை அதன் வழியாகத்தான் போய்வருகிறது என்பது, அம்மாவின் மூச்சொலியைக் கேட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது.

கடைக்கு ஓடினேன். அலமாரியில் மிஞ்சியிருந்தவற்றுள் மிக உயர்ந்த எண் கொண்ட, மெர்வ் 13 (மெர்வ் என்பது வடிகட்டும் திறனைக் குறிக்கும் எண்) என்று அச்சிடப்பட்ட, ஓர் அங்குலத் தடிமனுள்ள வடிகட்டியை வாங்கிவந்து மாட்டினேன். எண் உயர்ந்தால் காற்று தூய்மையாகும் என்ற எளிய கணக்குதான் காரணம். முதல் இரண்டு நாட்கள் நிம்மதியாக இருந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் வீடு குளிர்ந்து கிடந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பற்றவைத்துக்கொள்ளும், சில நிமிடங்கள் ஓடும், பிறகு தானாகவே அணைந்துவிடும்; சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே செய்யும். வந்து பார்த்த தொழில்நுட்பர் வடிகட்டியை உருவி எடுத்ததும் அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது. காற்றோட்டம் போதாததால் உள்ளே வெப்பம் எல்லை மீறுகிறது என்றும், அதனால் பாதுகாப்பு விசை சுடரை அணைத்துவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். கண்ணாடியிழையில் செய்த, கையை வைத்தால் மறுபுறம் தெரியும் மெல்லிய மலிவு வடிகட்டி ஒன்றை மாட்டிவிட்டு, இயந்திரத்துக்கு இதுதான் நல்லது என்று சொல்லிச் சென்றார்.

இயந்திரத்துக்கு நல்லது என்பதில் தவறில்லை. அம்மாவின் நுரையீரலுக்கு அது எவ்வகையிலும் நல்லதல்ல. இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று அன்று நான் நம்பினேன். இன்றும் பல நண்பர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். அது உண்மையல்ல என்று விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இத்தகைய இயந்திரங்களில் வடிகட்டி முதலில் இடம்பெற்றது மனிதர்களுக்காக அல்ல. காற்றூதியின் இதழ்களிலும் குளிர்ச்சுருளின் நெருங்கிய அலுமினியத் தகடுகளிலும் நூல், முடி, தூசு ஆகியவை படிந்து அடைத்துக்கொள்ளாமல் காப்பதே அதன் வேலையாக இருந்தது. அந்த வேலைக்குக் கண்ணாடியிழைப் பாய் போதும். மனிதரை வாட்டும் துகள்களோ முற்றிலும் வேறானவை. காட்டுத்தீப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்தவை. தலைமுடியின் குறுக்களவு எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், முடியைப் பிடிக்கும் வலை புகையைப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு வீண் என்பது புரியும்.

வடிகட்டியின் மேல் அச்சிடப்படும் மெர்வ் எண் இந்த வேறுபாட்டை அளப்பதற்காக வந்தது. அமெரிக்க வெப்பமூட்டல், குளிர்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 1999இல் வெளியிட்ட 52.2 என்னும் தர அளவுமுறையில் அது வரையறுக்கப்பட்டுள்ளது. சோதனையில் துகள்களை 0.3 முதல் 1 மைக்ரான், 1 முதல் 3 மைக்ரான், 3 முதல் 10 மைக்ரான் என மூன்று கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் வடிகட்டி எத்தனை விழுக்காட்டைப் பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். கடைக்குப் போகும் ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது முதல் கூட்டத்தைத்தான், ஏனென்றால் புகையும் நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களும் அங்கேதான் இருக்கின்றன. மெர்வ் 8 வடிகட்டி பெரிய துகள்களில் 70 விழுக்காட்டையாவது பிடித்தாக வேண்டும். மிகச்சிறிய கூட்டத்தில் அதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. மெர்வ் 11க்கு அந்தக் கூட்டத்தில் 20 விழுக்காடு, 12க்கு 35, 13க்கு 50, 14க்கு 75 என்று ஏறுகிறது. ஆகவே 8க்கும் 11க்கும் இடையிலான மூன்று படிகளைக் காட்டிலும், 11க்கும் 13க்கும் இடையிலான இரண்டு படிகள் புகைக்காலத்தில் அதிகப் பொருள் உள்ளவை. மகரந்தமும் வீட்டுத் தூசும் மட்டுமே தொல்லை என்றால் 8 அல்லது 11 போதுமானது. அதற்கு மேல் பணத்தைச் செலவிடத் தேவையில்லை.

0.3 மைக்ரான் என்ற எல்லைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இழைகளுக்கு இடையே வளைந்து செல்லும் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் பெரிய துகள்கள் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகமிகச் சிறிய துகள்களோ காற்று மூலக்கூறுகளின் இடிபாட்டால் அங்குமிங்கும் அலைந்து, ஏதாவது ஓர் இழையில் சிக்கிவிடுகின்றன. மோதும் அளவுக்குப் பெரியதாகவும் இல்லாமல், அலையும் அளவுக்குச் சிறியதாகவும் இல்லாமல் நடுவில் நிற்கும் துகள்தான் தப்பிப்போகிறது. அந்த நடு அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான். அதையும் பிடிப்பதற்காகவே இன்றைய வடிகட்டிகள் பலவற்றின் செயற்கை இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றுகிறார்கள். இந்த மின்னூட்டத்தைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி, எண்ணைக் காட்டிலும் முக்கியமான செய்திக்கு வருகிறேன். நுண்ணிய வடிகட்டி காற்றுக்குத் தடையாக நிற்கிறது. அந்தத் தடையை வென்று காற்றை இழுக்கும் வலிமை காற்றூதிக்கு ஓர் அளவுக்குத்தான் உண்டு. காப்பி போடத் தெரிந்த எவருக்கும் இது தெரிந்த செய்திதான். நைசாக அரைத்த தூளைச் சிறிய வடிகட்டியில் அழுத்தி நிரப்பினால் டிகாக்‌ஷன் இறங்காது. அதே தூளை, அதே அளவு, அகலமான பாத்திரத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பினால் தடையில்லாமல் இறங்கிவிடும். தூளின் நைசு மாறவில்லை. பரப்பு மட்டுமே மாறியது. நான் மாட்டிய வடிகட்டியிலும் தவறு 13 என்ற எண்ணில் இல்லை, 20க்கு 20 அங்குலம், தடிமன் ஓர் அங்குலம் என்ற அளவில் இருந்தது.

இதை உணர்ந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. உடன் பணியாற்றும் நண்பர் ஒருவரிடமிருந்து காற்றழுத்தமானியை இரவல் வாங்கி, 2019 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அளந்துகொண்டிருந்தேன். இத்துறையில் அழுத்தத்தை நீர்மட்ட அங்குலத்தில் சொல்வார்கள். அதாவது அந்த அழுத்தம் ஒரு குழாயில் உள்ள நீரை எத்தனை அங்குலம் உயர்த்தும் என்பதே கணக்கு. எங்கள் ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் அதிகபட்ச வெளியழுத்தம், அதாவது காற்றூதி எதிர்கொள்ளக்கூடிய மொத்தத் தடை, 0.5 அங்குலம் என்று போட்டிருந்தது. பல வீட்டு இயந்திரங்களில் இதே எண்தான் இருக்கும். புத்தம்புதிய மெர்வ் 13 வடிகட்டியை மாட்டி அளந்தபோது மொத்த அழுத்தம் 0.8ஐ எட்டியது. அதில் வடிகட்டி ஒன்றின் பங்கே 0.3க்கு மேல் இருந்தது. புகைக்காலத்தில் கரி படிந்த நிலையில் அது இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தபோது, அந்த விடியற்காலையில் ஃபர்னஸ் ஏன் அணைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அழுத்தமானி இல்லாதவர்களும் போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. குளிர்விக்கும் இயந்திரத்தின் ஒவ்வொரு டன்னுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடிக் காற்று ஓட வேண்டும். எங்களுடையது 3 டன். ஆகவே 1200 கன அடி. வடிகட்டியின் முகப்பு 20க்கு 20 அங்குலம் என்றால் 400 சதுர அங்குலம். அதை 144ஆல் வகுத்தால் 2.8 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. 1200ஐ அதனால் வகுத்தால், காற்று வடிகட்டியின் முகத்தில் நிமிடத்துக்கு 430 அடி வேகத்தில் மோதுகிறது என்று கிடைக்கிறது. ஓர் அங்குல மடிப்பு வடிகட்டிக்கு 300 அடியைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது என்பது இத்தொழிலில் அனுபவமுள்ளவர்கள் சொல்லும் எல்லை. கலிஃபோர்னியாவின் கட்டட ஆற்றல் விதிகள் இதைக் காட்டிலும் கடுமையானவை. 2020 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பின்படி, புதிய வீடுகளின் குழாய்வழிக் காற்றமைப்புகளில் மெர்வ் 13 வடிகட்டி இருக்க வேண்டும்; அதன் தடிமன் குறைந்தது 2 அங்குலமாக இருக்க வேண்டும்; ஓர் அங்குலம்தான் வைக்க வேண்டுமென்றால் முகப்பு வேகம் 150 அடியைத் தாண்டாத அளவுக்குப் பரப்பைப் பெரிதாக்க வேண்டும். உயர்ந்த எண்ணைக் கேட்கும் அதே விதி, அதே மூச்சில் பரப்பையும் கேட்கிறது. இந்தச் சேர்க்கையைத்தான் கடை அலமாரி நமக்குச் சொல்வதில்லை.

காற்றூதியின் மோட்டார் எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வகை மோட்டார், தடை கூடும்போது காற்றைக் குறைத்துவிடும். அப்போது குளிர்காலத்தில் வெப்பம் எல்லை மீறும். கோடையில் போதிய காற்று படாத குளிர்ச்சுருளின் மேல் பனிக்கட்டி படரும். புதிய மின்னணு மோட்டார்களில் பல, தடை கூடினாலும் காற்றின் அளவைக் காக்க முயன்று வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. மின்கட்டணமும் இரைச்சலும் மட்டும் ஏறும். ஆகவே ஒன்றும் நிற்கவில்லையே என்பதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

அந்த ஆண்டு வசந்தத்தில், வேறொரு தொழில்நுட்பரைக் கொண்டு, வாகனக் கொட்டிலில் நிற்கும் ஃபர்னஸின் பக்கத்தில் 20க்கு 25 அங்குலம், நான்கு அங்குலத் தடிமன் கொண்ட வடிகட்டிப் பெட்டி ஒன்றைப் பொருத்தினோம். படுக்கையறைப் பக்கத்தில் காற்று திரும்புவதற்கு இரண்டாவது துளைத்தட்டி ஒன்றையும் திறந்தோம். நான்கு அங்குல வடிகட்டியில் மடிப்புகள் ஆழமானவை. முகப்பு சற்றே பெரிதானாலும், விரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் இழைப்பாயின் பரப்பு ஓர் அங்குல வடிகட்டியைப் போலச் சில மடங்கு இருக்கும். அதே மெர்வ் 13 எண்ணோடு மறுபடியும் அளந்தபோது மொத்த அழுத்தம் 0.55க்கு இறங்கியிருந்தது. பெயர்ப்பலகையின் எல்லையை அது இன்னும் சிறிது மீறுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டின் குழாய்கள் தொண்ணூறுகளில் குறுகலாகப் போடப்பட்டவை, அவற்றை மாற்றும் செலவுக்கு நாங்கள் இன்னும் துணியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு குளிர்காலத்திலும் ஃபர்னஸ் இடையில் அணைந்ததில்லை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. பழைய துளைத்தட்டியில் உள்ள வடிகட்டியை எடுத்துவிட வேண்டும். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வடிகட்டிகள் இருந்தால் தடைதான் கூடும். சட்டத்தின் விளிம்பில் உள்ள அம்புக்குறி, காற்று செல்லும் திசையை, அதாவது காற்றூதியை நோக்கி இருக்க வேண்டும். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அளவு பெயரளவுதான். 20 அங்குலம் என்பது உண்மையில் 19½ அல்லது 19¾ அங்குலமாக இருக்கும், அதுவும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். உண்மையான அளவைச் சிறிய எழுத்தில் ஓரத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் காற்று எப்போதும் தடை குறைந்த வழியைத் தேடிப் போகும். வடிகட்டிக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், மெர்வ் 13க்குக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி அந்த இடைவெளி வழியாகப் போய்விடும். சில டாலருக்குக் கிடைக்கும் பஞ்சு நாடாவை விளிம்பில் ஒட்டினால் அது அடைபடும்.

நாங்கள் செய்தது சரிதானா என்பதற்கான சோதனை 2021 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய கால்டோர் தீயோடு வந்தது. அது எங்களுக்குக் கிழக்கே, பக்கத்து மாவட்டமான எல் டொராடோவில் எரிந்தது. மாத இறுதியில் தாகோ ஏரியின் தென்கரை நகர மக்களையே வெளியேறச் செய்தது. அம்மா அந்த ஆண்டு ஊரில் இருந்தார். ஆனால் என் மகனுக்கும் பாட்டியின் இளைப்பு வந்திருந்தது. இம்முறை வெளியிலும் உள்ளேயும் துகள் அளக்கும் சிறு கருவிகளை வைத்திருந்தேன். மோசமான நாட்களில் வெளியே பி.எம். 2.5 (2.5 மைக்ரானோ அதற்கும் குறைவோ ஆன துகள்கள்) அளவு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டியபோது, உள்ளே 30ஐ ஒட்டி நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வழிகாட்டு அளவு 15 என்பதால் இதையும் நல்ல காற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2018இல் நாங்கள் சுவாசித்ததோடு ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு வீடுகள் போலத்தான் இருந்தன.

அந்த நாட்களில் கற்றுக்கொண்ட மிகப் பயனுள்ள பாடம் வடிகட்டியைப் பற்றியது அல்ல, காற்றூதியின் ஓட்டநேரத்தைப் பற்றியது. சுவரில் உள்ள வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் விசிறிக்கு இரண்டு நிலைகள் உண்டு: தானாக ஓடுவது, தொடர்ந்து ஓடுவது. தானாக ஓடும் நிலையில், மிதமான வானிலையின்போது மணிக்குச் சில நிமிடங்களே அது ஓடும். ஓடாத நேரத்தில் உலகின் மிகச்சிறந்த வடிகட்டியும் வெறும் அட்டைதான். எங்கள் வீடு 1500 சதுர அடி, கூரை உயரம் 9 அடி. மொத்தம் 13,500 கன அடிக் காற்று. நிமிடத்துக்கு 1200 கன அடி ஓடினால் வீட்டின் முழுக் காற்றும் பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது மணிக்கு ஐந்து முறைக்கு மேல், வடிகட்டியைக் கடக்கிறது. ஒருமுறை கடக்கும்போது நுண்துகளில் பாதிதான் பிடிபடும் என்றாலும், மறுபடியும் மறுபடியும் கடப்பதால் மணிக்கு இரண்டரை முறை முற்றிலும் தூய காற்றை நிரப்பியதற்கு அது ஈடாகிறது. விசிறியைத் தொடர்ந்து ஓட விட்டதும், உள்ளே இருந்த கருவியின் எண் ஒரு மணி நேரத்துக்குள் மளமளவென்று இறங்கியதைப் பார்த்தோம்.

ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் இருப்பவர்கள், உதாரணமாக ஹூஸ்டனிலோ ஃபுளோரிடாவிலோ வசிப்பவர்கள், கோடையில் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். குளிர்விப்பு நின்றபின்பும் விசிறி ஓடினால், சுருளின் மேல் படிந்த நீர் மறுபடியும் வீட்டுக்குள் ஆவியாகிவிடும். புகை நாட்களில் மட்டும் தொடர்ந்து ஓட விடுவது அங்கே பொருத்தமாக இருக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று பலர் கேட்கிறார்கள். ஓர் அங்குல வடிகட்டிக்கு ஒன்று முதல் மூன்று மாதம், நான்கு அங்குலத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு என்பது பொதுக்கணக்கு. ஆனால் நம் வீடுகளுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. தோசைக்கல்லில் எண்ணெய் புகைவதும், மிளகாய் வற்றலும் கடுகும் தாளிக்கும்போது எழும் ஆவியும் எண்ணெய்ப்பசையுள்ள நுண்துகள்கள். முன்பு சொன்ன நிலைமின்னூட்டத்தின் வலிமையை எண்ணெய்த் துகளும் புகைத்துகளும் குறைத்துவிடுகின்றன. தூசு படியப்படியத் தடை கூடுவது கண்ணுக்குத் தெரியும். மின்னூட்டம் இழப்பது தெரியாது. அதனால் பார்வைக்கு வெளுப்பாக இருக்கும் வடிகட்டியும் நுண்துகளைப் பிடிக்கும் திறனை இழந்திருக்கக்கூடும். மின்னூட்டம் போனபின் எவ்வளவு திறன் மிஞ்சும் என்பதை அளக்க அதே 52.2 முறையில் விருப்பத்தின் பேரில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அதில் கிடைக்கும் எண்ணை மெர்வ்-ஏ என்பார்கள். இரண்டு எண்களையும் வெளியிடும் தயாரிப்பாளரை நான் கூடுதலாக நம்புகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியை ஓட விட வேண்டும். அது காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும் வகையா, அல்லது வடிகட்டியதாகச் சொல்லிச் சமையலறைக்கே திருப்பி ஊதும் வகையா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை பல அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறது. புகைக்கு அதனால் பயன் மிகக் குறைவு.

கடையில் குழப்பும் பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோம் டிப்போ கடைகளில் எஃப்.பி.ஆர். என்றும், 3எம் நிறுவனத்தின் ஃபில்ட்ரீட் வடிகட்டிகளில் எம்.பி.ஆர். என்றும் தனித்தனி எண்கள் அச்சிட்டிருக்கும். எஃப்.பி.ஆர். 10, எம்.பி.ஆர். 1900 ஆகியவை மெர்வ் 13ஐ ஒட்டி வருபவை. ஹெப்பா என்பது 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் தரம். அதன் தடையைத் தாங்கும் ஆற்றல் வீட்டு ஃபர்னஸின் காற்றூதிக்கு இல்லை. ஹெப்பா போன்றது என்ற சொல்லோடு விற்கப்படுபவை அந்தத் தரத்தைச் சேர்ந்தவை அல்ல. கழுவிப் பயன்படுத்தும் உலோக வலைகள் சிக்கனமாகத் தோன்றினாலும் நுண்துகளுக்குப் பயன்படுவதில்லை. மெல்லிய கரிப்பூச்சுள்ளவை வாடையைச் சில நாட்கள் குறைக்கலாம், அவ்வளவே. ஓசோனை உண்டாக்கிக் காற்றைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லும் கருவி எதையும் இளைப்புள்ளவர் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு.

வாடகை வீட்டில் இருப்பவர்களால் பெட்டியை மாற்ற முடியாது. அவர்கள் பழைய துளைத்தட்டியில் மெர்வ் 8 அல்லது 11 வடிகட்டியை வைத்து இயந்திரத்தை நிம்மதியாக ஓட விட்டு, படுக்கையறைக்குத் தனியாக ஒரு காற்றுத் தூய்மையாக்கி வாங்குவதே நல்ல வழி. அதன் மேல் புகைக்கான தூய காற்று வீத எண் (சி.ஏ.டி.ஆர்.) ஒன்று, நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில், இருக்கும். சாதாரண நாட்களுக்கு அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கும், காட்டுத்தீப் புகைக்கு அறையின் சதுர அடிக்குச் சமமாகவும் அந்த எண் இருக்க வேண்டும். அதற்கும் வசதியில்லாதவர்களுக்கு, 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் என்ற இருவர் உருவாக்கிய பெட்டி முறை இருக்கிறது. 20 அங்குலச் சதுர மின்விசிறி ஒன்றையும் மெர்வ் 13 வடிகட்டிகள் நான்கையோ ஐந்தையோ கனசதுரமாக நிறுத்தி ஒட்டுநாடாவால் இணைப்பதுதான் அது. ஒரே விசிறிக்கு நான்கைந்து வடிகட்டிகளின் பரப்பு கிடைப்பதால், அந்த எளிய விசிறியாலும் மெர்வ் 13 வழியாகக் காற்றை இழுக்க முடிகிறது. 2018இல் இது தெரிந்திருந்தால் அம்மாவின் அறையில் அன்றே ஒன்றைச் செய்து வைத்திருப்பேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கும் உறவினர்கள், தங்கள் வீட்டு ஸ்பிளிட் ஏசியில் மெர்வ் 13 போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். சுவரில் மாட்டும் அந்தக் கருவியின் உருளை விசிறி தடையை எதிர்த்து இழுப்பதற்காக அமைக்கப்பட்டது அன்று. அதன் முன்னால் உள்ள பிளாஸ்டிக் வலை சுருளைக் காப்பதற்கு மட்டுமே. அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். போகிப் புகைக்கோ பக்கத்துக் கட்டட வேலையின் தூசுக்கோ பாதுகாப்பு வேண்டுமென்றால், சன்னலை அடைத்துத் தனித் தூய்மையாக்கியை ஓட விடுவதே பலன் தரும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு வடிகட்டியின் சட்டத்திலும் மாட்டிய தேதியைக் கறுப்பு மையால் எழுதிவிடுகிறேன். தீக்காலம் தொடங்கும் முன்பாக, சூன் மாதத்திலேயே இரண்டு வடிகட்டிகளை வாங்கி வாகனக் கொட்டிலின் மேல்தட்டில் வைத்துவிடுவோம், ஏனென்றால் புகை வந்த பிறகு கடைகளில் மெர்வ் 13 கிடைப்பதில்லை. 2018இன் அந்த ஓர் அங்குல வடிகட்டியும் அதே தட்டில், கரி படிந்தபடி, ஒரு நெகிழிப் பைக்குள் இருக்கிறது. அண்மையில் அம்மா மறுபடியும் வந்தபோது அதை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் நெஞ்சுக்குள்ள போயிருக்குமாடா?" என்று கேட்டார். அதில் பிடிபடாமல் போனதுதான் உள்ளே போனது, அம்மா, என்று சொன்னேன்.